பின்சீட்டுப் பாரம்

கார் வாங்கிய மூன்றாவது வாரம்தான் பவித்ரன் அதைக் கவனித்தான். ஈப்போவை அடுத்த லகாட்டில் அவன் வீட்டு முன்வாசலில் பூட்டி நின்ற மின்சாரக் கார், உள்ளே ஆளே இல்லாமல், பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. பின்சக்கரங்களின் மேல்பாதி தகரத்துக்குள் போயிருந்தது. அரிசி மூட்டைகளை அடுக்கி ஏற்றினால் எப்படி அமுங்கி நிற்குமோ அப்படி. கதவைத் திறந்து பார்த்தான். குழந்தையின் இருக்கை, ஒரு பவுடர் டப்பா, ஒரு குடை, அவ்வளவுதான். சாத்தும்போது மட்டும் புளித்த வாடை ஒன்று மூக்கில் ஏறியது. எங்கோ முகர்ந்த வாடைதான், எங்கே என்று பிடிபடவில்லை.

பழைய கார், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மலிவாகக் கிடைத்த பொருளுக்கு வாங்கியவனே வக்கீலாகிவிடுவது உலக வழக்கம்.

விற்றவரைக் குறை சொல்ல முடியாது. கடற்படையில் ஓய்வுபெற்று லூமுட்டில் இருக்கும் கஸ்பார், சாவியைக் கொடுக்கும் முன்பே உடைத்துச் சொல்லிவிட்டார். "பேட்டரி வீக்கு தம்பி. புதுசுல முன்னூறு கிலோமீட்டர் ஓடுச்சு. இப்ப இருநூறு ஓடுனாப் பெரிய விசயம். ஈப்போக்குள்ள ஓட்டப் போதும்லா."

பவித்ரனுக்கும் அது போதும். ஏழு மாதக் கைக்குழந்தை ஷர்வினுக்கு அடிக்கடி நெஞ்சு இழுக்கும். ஒரு மழை நாளில் இழுப்பு முற்றி, மனைவி சாந்தினி பிள்ளையை மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் ஈப்போ மருத்துவமனைக்குப் போனாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தவன், இனிமேல் கார் இல்லாமல் இருப்பதில்லை என்று முடிவெடுத்தான். எந்த நேரத்தில் இழுத்தாலும் பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தக் காரிடம் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த ஒன்றிலேயே அது கைவிரித்தது. விடிய விடியச் சார்ஜ் ஏற்றினாலும், எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் காட்டும் எண் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. இருநூறு நூற்றைம்பதாகி, நூறாகி, கடைசியில் எண்பதுக்கு வந்து நின்றது. ஏர்கோனை அடைத்தான், வானொலியை நிறுத்தினான், வியர்வை வழிய ஆமை வேகத்தில் ஓட்டினான். மேடு ஏறும்போது கார் முனகியது. வளைவில் திரும்பும்போது பின்னால் ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்து, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் பேட்டரியைத் திட்டினான், கஸ்பாரைத் திட்டினான், பின்கண்ணாடியை மட்டும் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டான்.

ஈப்போவில் ஒரு பட்டறையில் கருவியை மாட்டிச் சோதித்தார்கள். பேட்டரி பழசுதான், ஆனால் வாங்கிய அன்று இருந்ததைவிட ஒரு துளியும் கெடவில்லை என்றார் பட்டறைச் சீனர். பிறகு கொஞ்சம் கோபமாகவே மலாயில் கேட்டார், இவ்வளவு சின்னக் காரில் தினமும் இத்தனை பேரை எதற்கு ஏற்றுகிறாய் என்று. பவித்ரன் சிரித்து மழுப்பிவிட்டு வந்தான்.

அந்த வாரமே ஷர்வினுக்கு இழுப்பு வந்தது. மருத்துவமனைக்குப் பாதி வழியில், சைக்கிள்காரன்கூட இறங்காமல் மிதித்துப் போகும் ஒரு சின்ன மேட்டில், கார் நின்றுவிட்டது. நல்ல வேளை, பின்னால் வந்த மலாய்க்காரர் ஒருவர் தாயையும் பிள்ளையையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். பிள்ளை பிழைத்தது.

பவித்ரன் இழுவை லோரிக்காகக் காரிலேயே காத்திருந்தான். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இன்ஜின் உறுமல் இல்லாத கார் நின்றுபோனால் எவ்வளவு அமைதி என்று அன்றுதான் தெரிந்தது. தன் நாடித் துடிப்பையும் கைக்கடிகாரத்தின் டிக்டிக்கையும் தாண்டி, பின்சீட்டு மெல்லக் கிறீச்சிட்டதையும், யாரோ கால் மாற்றிப் போட்டு உட்கார்வதுபோல் மறுபடி கிறீச்சிட்டதையும், அதற்கும் பின்னால் ஒரு தொண்டை செருமியதையும் தெளிவாகக் கேட்டான். புளித்த வாடை அலையலையாக முன்னால் வந்து அவன் பிடரியில் படிந்தது. இப்போது பிடிபட்டது. ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்து, மழைத்தண்ணீரில் ஊறி, வாளியில் அழுகிய ஒட்டுப்பால். பால் வெட்டியவர்கள் எத்தனை முறை குளித்தாலும் உடம்பை விட்டுப் போகாத வாடை.

கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினான். லோரி வரும்வரை உள்ளே போகவில்லை.

ரோட்டோரம் நின்றபோதுதான் கார் வாங்கிய முதல் நாள் நினைவுக்கு வந்தது. பீடோர் பக்கம் அவன் பிறந்த ஆறாங்கட்டை ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, இடுகாட்டையும் உழுது, எல்லாவற்றின்மேலும் எண்ணெய்க்குச் செம்பனை நட்டாயிற்று. கேட்க ஆளில்லை, உயிரோடிருந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பட்டணம் போய்விட்டார்கள், அவன் வீட்டாரும்தான். முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். புதுசோ பழசோ, வண்டி வாங்கினால் அங்கே கொண்டுபோய்ச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவது அவர்கள் வழக்கம். தோட்டம் இருந்த காலத்தில் இன்னொன்றும் உண்டு. வண்டி வாங்கியவன் லயத்து ஆட்களை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போய், ஏறின இடத்திலேயே இறக்கிவிட வேண்டும்.

அன்று பழம் நசுக்கிய கையோடு, நாலு கதவையும் திறந்துவைத்து, ஆளில்லாத செம்பனைக் காட்டைப் பார்த்து விளையாட்டாகக் குரல் கொடுத்தான்.

"ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க. ஒரு ரவுண்டு போலாம்."

சாந்தினி சிரித்துக்கொண்டே பிள்ளையோடு முதல் ஆளாக ஏறினாள். அவனுக்கு அந்நேரம் பேட்டரிக் கவலை வந்துவிட்டது. சுற்றாமல், யாரையும் இறக்காமல், நேரே பெரிய ரோட்டுக்குத் திருப்பினான்.

ஏறியவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான். தனியாகப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காருக்குள் தனியாக உட்கார அவனுக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை. பிள்ளை பிழைத்ததற்குக் கோயிலில் ஒரு விளக்குப் போட்டு வரலாம் என்று சொல்லிச் சாந்தினியையும் கூட்டிக்கொண்டான்.

நின்று நின்று சார்ஜ் ஏற்றிப் போனதில் பீடோர் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. தூறல் பிடித்தது. தோட்டத்து மண்ரோட்டில் திரும்பியதும் கார் இன்னும் தாழ்ந்தது, அடித்தகரம் கல்லில் உரசியது. அவன் முதுகுக்குப் பின்னால், சீட்டின் வழியாக, ஒரு முழங்கால் குத்தியது.

"சாந்தினி, காலை எடு. முதுகுல குத்துது."

"நான் இந்தப் பக்கம்லா ஒக்காந்திருக்கேன்." குரல் இடது மூலையிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குழப்பமாக, "என்னாங்க, ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றாள்.

முழங்கால் இன்னும் அழுத்தியது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வேண்டுமென்றே, வன்மமாக, விலா எலும்பு நோகும் அளவுக்கு.

கோயில் இருட்டாகக் கிடந்தது. மழையில் இறங்கி நாலு கதவையும் திறந்தான். பிள்ளை நனையும், நீ உள்ளேயே இரு என்று சாந்தினியிடம் சொன்னான். பின்சீட்டைப் பார்க்காமலேயே சொன்னான். காருக்கு முதுகைக் காட்டி நின்று, தீக்குச்சி நமுத்துப்போய் நமுத்துப்போய் ஒருவழியாகப் பற்ற, விளக்கை ஏற்றினான்.

"ஏறுன எடத்துக்கு வந்தாச்சு. எல்லாரும் எறங்கிக்குங்க."

ஒன்றுமில்லை.

பிறகு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கார் ஒரு விரற்கடை எழும்பியது. மறுபடி. மறுபடி. ஈரச் சருகில் வெறுங்கால்கள். இரண்டு பக்கமும் அவனைக் கடந்துபோயின. ஒட்டுப்பால் வாடையும் கூடவே போனது. ஒரு கால் நின்றது. அவன் பாதத்தில் வெதுவெதுப்பாக எச்சில் விழுந்தது. கால் நகர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அமைதி.

போய்விட்டார்கள். அழுகை வந்தது அவனுக்கு, அப்படி ஒரு நிம்மதி. ஓடிப்போய் ஓட்டுநர் சீட்டில் விழுந்தான். காற்று சுத்தமாக இருந்தது. ஒட்டுப்பால் வாடை இல்லை.

பிள்ளையின் பவுடர் வாடையும் இல்லை.

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. நூறு. நூற்றைம்பது. இருநூறு. சாந்தினியும் பிள்ளையும் அவனும் உட்கார்ந்து முதல் நாள் கண்ட எண் அது. அதில் நிற்கவில்லை. இருநூற்று இருபது. இருநூற்று ஐம்பது.

"சாந்தினி."

திரும்பினான். அவளுடைய பெல்ட் பூட்டியபடி இருந்தது. பிள்ளையின் இருக்கைப் பெல்டும் பூட்டியபடி. பெல்ட்டுகளுக்குள் யாருமில்லை.

"எல்லாரும்னுதானே சொன்னீங்க." செம்பனைகளுக்குள்ளிருந்து அவள் குரல். கோபம்கூட இல்லாத குரல்.

ஓடினான். முள்மட்டை காலைக் கிழித்தது. விழுந்தான், எழுந்தான். இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசை. பழைய இடுகாடு. யாருமில்லை. புல் மிதிபடவில்லை, மண் கிளறப்படவில்லை. அங்கேதான் அந்தச் சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மண்டியிட்டான். காதை ஈர மண்ணில் வைத்தான்.

கீழே, வெகு ஆழத்தில், ஷர்வினுக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால், கோயில் வாசலில், நாலு கதவும் திறந்தபடி கார் நிமிர்ந்து நின்றது. திரையில் முன்னூறு.