சுண்டுவிரலுக்கு மட்டும் தெரியும்

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மறுபடியும் நெத்திலித் தோல் கிடந்தது.

எதெல்வினா துடைப்பத்தோடு குனிந்து பார்த்தாள். வெள்ளியும் சாம்பலுமாக, நகத்தைவிடச் சின்னதாக, காய்ந்து சுருண்ட தோல்கள். போன வாரமும் கிடந்தன. சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அப்போது கூட்டித் தள்ளிவிட்டாள். ஆனால் அங்கி, குல்லாய், செருப்பு எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். முழங்கை வரை எலுமிச்சை தேய்த்துக் கழுவாமல் அவள் தெருவில் கால் வைத்ததில்லை. வாடை கூடவே வரும், அது வேறு விஷயம். வாடை எலும்பில் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. தோல் வருவதற்கு வழியில்லை.

கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கும்போதுதான் கவனித்தாள். கட்டை கையிலிருந்து நழுவவில்லை. மரத்தின் சொரசொரப்பு தெரிந்தது. கட்டைவிரலில், ஆள்காட்டி விரலில், நடுவிரலில். விடிகிற நேரத்தில் அந்த மூன்றும் அடுத்தவள் விரல்போலக் கிடப்பதுதான் வழக்கம். சட்டைப் பொத்தானைக்கூடப் பல்லால் இழுத்துத்தான் போடுவாள். இன்றைக்குப் பொத்தானே தானாக ஓட்டைக்குள் போயிற்று.

"அட," என்றாள் வாய்விட்டு. கேட்க வீட்டில் ஆள் இல்லை.

பெரிய நோயெல்லாம் இல்லை. அந்தக் கடற்கரையில் நெத்திலி உரிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இருப்பதுதான். மாதக்கணக்கில் உப்புப் பீப்பாயில் கிடந்த மீனைச் சுடுதண்ணீரில் முக்க வேண்டும். வலைத்துண்டில் வைத்துத் தேய்த்துத் தோலை எடுக்க வேண்டும். பிறகு கட்டைவிரல் நகத்தால் முதுகு நெடுகப் பிளவைத் தேடிப் பிளந்து, முள்ளை உருவி, சதையைக் கிழியாமல் டப்பாவில் அடுக்க வேண்டும். எல்லாம் கைத்தடவல்தான், கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. நாள் முழுக்க மணிக்கட்டை மடக்கி மடக்கி, நரம்பு போகிற பாதை ஒடுங்கிப்போய் நரம்பு நசுங்குகிறது என்றாள் சுகாதார நிலையத்து டாக்டர். இரவில் கட்டிக்கொள்ள உள்ளே தகடு வைத்த பட்டை ஒன்று கொடுத்து, அறுவைக்கு வரிசையில் பெயரும் எழுதிக்கொண்டாள். வரிசை நீளம். அந்த நரம்பு மோதிர விரலில் பாதிக்குத்தான் போகுமாம், சுண்டுவிரலுக்குப் போவதே இல்லையாம். அதனால் மற்றவை செத்துக் கிடக்கும்போதும் சுண்டுவிரல் மட்டும் விழித்திருக்கும்.

"வீடே குறட்டை விடும்போது நாய் மட்டும் முழிச்சிட்டிருக்குமே, அது மாதிரிடி," என்பாள் கசில்டா.

கசில்டா தொழிற்சாலையில் பக்கத்து நாற்காலிக்காரி. வீட்டில் நேர் கீழ்த்தளத்துக்காரி. விடியுமுன் துடைப்பக் கட்டையால் தன் கூரையில் மூன்று தட்டு தட்டுவாள். அது எதெல்வினாவின் கட்டிலுக்கு அடியில் கேட்கும். எழுந்துவிட்டேன் என்பதற்கு எதெல்வினா குதிகாலால் ஒரு தட்டு. காப்பி இடைவேளையில் இரண்டு பேரும் கையை மேசைக்கு அடியில் விட்டுக்கொள்வார்கள். மேலே தேய்த்தால் மேற்பார்வைக்காரி நியெவெஸ் பார்த்துவிடுவாள், கை செத்தது தெரிந்துபோகும். "குடுடி அந்தப் பொணத்தை," என்று கசில்டா அடிக்குரலில் சொல்லி, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை, குளிரில் வந்த பிள்ளையின் கையைச் சூடுபண்ணுவதுபோல, உருவி உருவிவிடுவாள். அப்புறம் இவள் அவளுக்கு.

போன குளிர்காலத்தில் ஒரு காலை தட்டு கேட்கவில்லை. எதெல்வினா தன்னிடமிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கசில்டா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியிருந்தது. இருவரும் அப்படித்தான் தூங்குவார்கள்; கை தொங்கினால் குறுகுறுப்பு கொஞ்சம் அடங்கும். கை கறுத்து வீங்கியிருந்தது. எதெல்வினா யாரையும் கூப்பிடவில்லை. முதலில் தரையில் மண்டியிட்டு அந்தக் கையைத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள். எழுந்துவிடும் என்று.

கசில்டாவின் மகன் பில்பாவோ நகரத்திலிருந்து வந்து அடக்கம் முடித்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எதெல்வினாவின் கையை யாரும் தொட்டதில்லை.

தோலைக் கூட்டித் தள்ளிய அன்று, தொழிற்சாலையில் மீன் தட்டை நீட்டியபோது நியெவெஸ் வழக்கம்போல ஒரு துண்டை எடுத்து, முள் இருக்கிறதா என்று உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது துண்டையும். போன மாதம் அதே இடத்தில் நின்று முள்ளைத் துப்பியவள். "எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு நெனச்சியா? கை தூங்குதுன்னா சொல்லு, லீவு எழுதித் தாரேன்," என்றிருந்தாள். லீவில் போனவளை வருஷம் திரும்பியதும் யாரும் கூப்பிடுவதில்லை என்று அந்த மேசைக்கே தெரியும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த மேசையை விட்டால் எதெல்வினாவோடு பேச உலகத்தில் ஆளில்லை.

"என்னடி இது, முள்ளே இல்ல. புதுக் கை வாங்கி மாட்டிட்டியா?" என்றாள் நியெவெஸ்.

"பழசுதான்."

எதிரே இருந்த பிலார் கத்தரிக்கோலை நிறுத்தினாள். "ராத்திரியில எவனோ கையப் புடிச்சு நல்லாத் தடவிவிடுறான். மொகத்தப் பாரு. வேலை முடிஞ்சா எங்க வீட்டுப் பக்கமும் அனுப்பு, எதெல்வினா. கதவு தொறந்தே கெடக்கும்."

"ஒம் புருஷன்?"

"அவனுக்கு என்ன தெரியப்போவுது. அவன் மொத்தமா மரத்துப்போனவன்."

மேசை சிரித்தது. எதெல்வினாவும் சிரித்தாள். விரல் நுனியில் உப்புத் தண்ணீர் எரிந்தது, நெருப்பாக எரிந்தது. எரிவது தெரிகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வெளியே போகும்போது வாசலில் இருக்கும், வேலை முடிந்ததைப் பதிகிற கைரேகைப் பெட்டியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. கட்டைவிரலை வைத்தாள், அதற்கும் சிவப்புதான்.

"அதுக்கு உன்னைய அடையாளம் தெரியல. பொணம்னு நெனச்சிருச்சு," என்றாள் பின்னால் நின்ற பிலார்.

"உப்பு தின்னுருக்கும்," என்றாள் நியெவெஸ், தலையைத் தூக்காமலே. "இங்க எவளுக்கு ரேகை இருக்கு? சுண்டுவிரல வை. எல்லாருக்கும் அதையும் பதிஞ்சுதான் வெச்சிருக்கேன்."

பச்சை எரிந்தது.

இருட்டும் நேரத்தில் தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. குளிர்காலத்தில் மலையைத் தாண்டி வெதுவெதுவென்று இறங்கும் காற்று. அது அடிக்கும் நாட்களில் தலைவலி வரும், நாய் ஊளையிடும், புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் நடந்த எதையும் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதெல்வினா படியேறினாள். கசில்டாவின் கதவைத் தாண்டும்போது பீப்பாய் திறந்த மாதிரி உப்புத்தண்ணீர் வாடை அடித்தது. தன்மேல் அடிப்பதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவள் மூக்கு சாட்சி சொல்லத் தகுதியில்லாதது.

பருப்புக் கஞ்சியைச் சுடவைத்து நின்றபடியே குடித்தாள். படுக்கையைத் தட்டிப்போடும்போது, காலையில் துடைப்பத்துக்குத் தப்பிய தோல் ஒன்று கட்டில் காலில் ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டு எடுத்தாள். அப்படியே குப்பையில் போட்டிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தவள். அதன் வழவழப்பு, அதன் நீல முதுகு, செதில் உதிர்ந்த தடம், எல்லாம் இருட்டிலும் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது. முள் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக்கு நேரே பிடித்தாள்.

செதில் தடம் இல்லை. மெல்லிய கோடுகள் இருந்தன. ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு, அதற்குள் இன்னொன்று, நடுவில் ஒரு சுழி.

கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் நுனி இளஞ்சிவப்பாக, ஈரமாக, கோடே இல்லாமல் மின்னியது. நடுவிரலும் அப்படியே, மோதிர விரலில் ஒரு பாதியும். கட்டைவிரலும். வலைத்துண்டில் வைத்துச் சுத்தமாக உரித்த நெத்திலி போல. சுண்டுவிரலில் மட்டும் பழைய தோல் முழுதாக இருந்தது, பழைய ரேகையோடு, அழுக்கோடு.

வலித்திருக்க வேண்டுமே என்று நினைத்தாள். எப்படி வலிக்கும். உரிக்கும்போது அவை செத்துத்தானே கிடந்தன.

தொலைபேசியை எடுத்தாள். பிலாரின் எண்ணில் நின்றாள். என்னவென்று சொல்வது. நாளைக்கு மேசை முழுக்கச் சிரிக்கும். நியெவெஸ் சிரிக்கமாட்டாள், லீவு எழுதித் தருவாள். வைத்துவிட்டாள்.

விளக்கைத் தரையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தரை ஓடு மட்டும்தான். ஆனால் அவள் கை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, ஓட்டின்மேல் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். கட்டிலைச் சுவரோடு நகர்த்தப் பார்த்தாள். அறை சின்னது, அலமாரி இடித்தது. தகடு வைத்த பட்டையை வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, கையை நெஞ்சின்மேல் வைத்து, போர்வையை மேலே இழுத்து, இடது கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள், திருடன் வரும் வழியில் மூட்டையைப் பிடித்துக்கொள்வதுபோல. விளக்கை அணைக்கவில்லை. காற்று சன்னல் தட்டிகளைப் பிடித்து உலுக்கியது. துறைமுகத்தில் படகுக் கம்பிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், தெருவில் உருளும் ஏதோ தகரம், அதற்கெல்லாம் அடியில், கீழ்த்தளத்தில், யாரும் இல்லாத சமையலறையில், குழாய் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் போல ஒன்று. அது காற்றுதான். அது நின்றது. காற்று நிற்கவில்லை.

டொக். டொக். டொக்.

கட்டிலுக்கு அடியில்.

அவள் குதிகால் பழக்கத்தில் மேலே எழுந்தது. தூக்கியதை அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தாள், தொடை நடுங்கும் வரை. பிறகு ஓசைப்படாமல் மெத்தையில் வைத்தாள். பதில் தட்டு தட்டவில்லை.

பதில் தட்டாவிட்டால் என்ன அர்த்தம் என்று அப்புறம்தான் உறைத்தது. மேலே இருப்பவள் தூங்குகிறாள் என்று அர்த்தம்.

தூங்கக்கூடாது என்றுதான் கிடந்தாள். நாள் முழுக்க உட்கார்ந்து உரித்த உடம்பு அவள் சொல்லைக் கேட்கவில்லை.

விழித்தபோது விளக்கு அணைந்திருந்தது. காற்று நின்றிருந்தது. பட்டை போர்வைமேல் கிடந்தது, பிரித்து, ஒழுங்காக மடித்து.

வலது கை நெஞ்சில் இல்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

இழுத்தாள். தோள் அசைந்தது. கை வரவில்லை. மரத்துப்போன கனமா, வேறா, தெரியவில்லை. மூன்று விரல்களில் ஒன்றுமே இல்லை. விரல்களே இல்லை.

சுண்டுவிரல் இருந்தது.

சுண்டுவிரலில் குளிர். ஈரம். முடிச்சு முடிச்சாக ஏதோ உரசிப் போயிற்று. திரும்ப உரசியது. நூல். வலைத்துண்டு.

"கசில்டா," என்றாள். மூச்சுதான் வந்தது.

உரசல் நிற்கவில்லை. இரண்டு இழுப்பு, ஒரு திருகு. இரண்டு இழுப்பு, ஒரு திருகு. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். நுனியிலிருந்து மேல்நோக்கி. கசில்டா ஒருநாளும் இப்படித் தேய்த்ததில்லை. இது கையைத் தேய்க்கிற தேய்ப்பு இல்லை. மீனைத் தேய்க்கிறது.

நின்றது.

தேய்த்து முடிந்தால் அடுத்து என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. பொறுமையாகத் தாண்டியது. உள்ளங்கையில் ஏறியது. நகம் இருந்தது. மணிக்கட்டுக்கு வந்து, டாக்டர் அழுத்திக் காட்டிய அதே இடத்தில், நின்றது. லேசாக அழுத்தியது.

விரல்கள் விழிக்கத் தொடங்கின.

முதலில் நடுவிரல். எறும்பு ஊர்ந்தது, ஊசி குத்தியது, உயிர் வந்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு கட்டைவிரல். இத்தனை மாதமாக அவள் ஏங்கிய உணர்ச்சி, முழுதாக, ஒன்றும் குறையாமல், ஒவ்வொரு நுனியிலும் எரிந்துகொண்டு திரும்பி வந்தது. கட்டிலுக்கு அடியில் நகம் மணிக்கட்டின் நடுவே மெல்ல, மேலும் கீழும், பிளவைத் தேடிக்கொண்டிருந்தது.