இருநூற்றுப் பத்தொன்பதாவது வாக்கு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நனைந்த குடையைக்கூட மடக்காமல், பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மாடி அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள் அந்தப் பெண்.

"கிருபாபாய் அக்கா யாரு? ஒரு கடிதத்துல ஒப்பு போடமாட்டேன்னு சொல்லிட்டு வாறேன். நான் செய்தது செரியா தப்பாண்ணு எனக்குத் தெரியணும்."

சானு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆறு வருடம் மலையாளப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தவன் அவன். இரண்டு வருடமாகக் கிருபாபாயிடம் வேலை. கிருபாபாய் பெங்களூரில் இருபது வருடம் பிறர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடித்தே வாழ்ந்தவர். இப்போது சொந்த ஊரில் அதையே செய்துகொண்டிருந்தார். வந்தவர் பேசப் பேசச் சானுவின் தலைக்குள் தலைப்புச் செய்தி தானாக உருவாகும். கிருபாபாயின் முகத்தில் மட்டும் ஒன்றும் உருவாகாது.

"மொதல்ல குடைய மடக்கு மக்கா. பொறவு சொல்லு."

அவள் பெயர் பின்சி. நெய்யாற்றின்கரையில் விஜயதாஸ் என்பவர் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளர். அம்பூரி மலையோரத்தில் ஒரு ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் முந்நூற்று இருபத்தேழு பேர். சங்கத்துக்குச் சொந்தமான குன்றைக் கல் குவாரிக்குக் குத்தகைக்கு விடலாமா என்று சனிக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. காகிதச் சீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆகவே விஜயதாஸின் நிறுவனம் செய்துகொடுத்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வழியாக நடத்தினார்கள். அதாவது, வாக்குகளை வாங்கி எண்ணி முடிவு சொல்லும் ஒரு நிரல். பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பிரதியாக உட்கார்ந்துவிடும். பிறகு எழுதியவராலும் அதில் ஒரு புள்ளியை மாற்ற முடியாது.

"காலை ஏழு மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வர வோட்டு. மூணுல ரெண்டு பங்கு ஆளாவது போட்டாத்தான் முடிவு செல்லும். ஆனா மத்தியானத்துக்குப் பொறவு வந்த ஒரு வோட்டையும் அது எடுக்கல. குவாரி வேணும்னு நூற்று இருபத்தொண்ணு, வேண்டாம்னு தொண்ணூற்றேழு. அதோட முடிஞ்சு."

"மத்தியானத்துக்குப் பொறவு வந்தது யாரு?"

"ரப்பர் பால் வெட்டுற பொம்பளைய. விடிய முன்ன தோட்டத்துக்குப் போனா பால் எடுத்து இறங்க மத்தியானம் ஆகும். மேல ரேஞ்சும் கிடையாது, கீழ வந்தாத்தான் போன்ல வோட்டு போட முடியும். நெரிசல் வேண்டாம், மத்தியானம் கழிஞ்சு வாருங்கண்ணு சங்கச் செயலாளரும் அவியளுக்கு மெசேஜ் போட்டிருந்தாரு. அவிய எல்லாரும் குவாரிக்கு எதிராக்கும். ஒருதடவ மலை இடிஞ்சு வந்ததக் கண்டவிய."

விஜயதாஸ் கையெழுத்துக் கேட்ட கடிதத்தைப் பின்சி மேசைமேல் வைத்தாள். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தைச் சோதனையாளர் கவனிக்கவில்லை; அதனால் மாலை ஐந்துக்குப் பதில் காலை பதினொன்றரைக்கே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது; இது என் கவனக்குறைவு என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே வெற்றிடம்.

"சங்கத்துக்க சட்டப்படி, தெரியாம வந்த பிழைண்ணா முடிவு அப்படியே நிலைக்கும். யாராவது வேணும்னே செய்தாத்தான் ரத்து. நாளைக்குப் பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். நான் ஒப்பு போட்டா குன்று போச்சு. போடலேண்ணா வேலை போச்சு." அவள் கடிதத்தைக் கிருபாபாய் பக்கம் தள்ளினாள். "எனக்க சோதனையில பிழை உண்டுண்ணா ஊர்முன்னால நின்னு சொல்லுவேன். இல்லாத பிழைய நான் என்னத்துக்கு ஏற்கணும்?"

"ஒனக்க சோதனை எத்தனை?"

"முப்பத்தாறு. ஒரு பொத்தான் அமுக்கினா எல்லாம் தானா ஓடும். அஞ்சு மணிக்கு ஒரு நிமிஷம் முன்ன போட்ட வோட்ட எடுக்கணும், ஒரு நிமிஷம் பிந்தினத எடுக்கப்படாது, ஒருத்தர் ரெண்டு தடவ போடப்படாது, இப்படி. எல்லாம் பச்சை, எல்லாம் பாஸ். ஆனா உள்ள எழுதியிருக்கத நான் கண்டதில்ல. அத எழுதினது எங்க ஆபீஸ்ல உள்ள அஸ்வந்த். சோதிக்க ஒன்பது பொய்ப்பேரு தந்தாவ. முழு முந்நூத்திருபத்தேழையும் கேட்டேன். 'ஒன்பது மதி, அது போதும்'ண்ணு விஜயதாஸ் சார் சொல்லிட்டாரு."

கிருபாபாய் கணினியைத் திறந்தார். பிளாக்செயினில் ஏற்றுக்கொண்ட வாக்கும் தள்ளிய வாக்கும் மணி நிமிடத்தோடு கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சானு எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டான். கடைசியாக ஏற்கப்பட்ட வாக்கு 11:38. முதலில் தள்ளப்பட்ட வாக்கு 12:25, ரத்னபாய் என்ற உறுப்பினருடையது. இடையில் யாரும் முயலவில்லை.

"பதினொன்றரைண்ணு கடிதம் சொல்லுது, வோட்டு பதினொண்ணு முப்பத்தெட்டு வர விழுந்திருக்கு" என்றான் சானு. "கடிகாரம் கொஞ்சம் பிந்தி ஓடியிருக்கும், இல்லியா அக்கா?"

"இத்தனை ஆயிரம் கணினியும் சொல்லிவச்ச மாதிரி எட்டு நிமிஷம் பிந்துமா?"

சானு தன் குறிப்பில் அந்த வரியை அடித்தான். "அப்பம் சங்கத்துச் செயலாளர் பொன்னுதாஸ்தான். பொம்பளையளுக்கு அவருதானே மெசேஜ் அனுப்பியிருக்காரு, மத்தியானம் கழிஞ்சு வாருங்கண்ணு?"

"இருக்கலாம்." கிருபாபாய் பின்சியைப் பார்த்தார். "வோட்டு நின்னுபோனத ஒனக்கு யாரு, எப்பம் சொன்னது?"

"விஜயதாஸ் சார். வாய்ஸ் மெசேஜ் போட்டாரு." பின்சி போனை ஒலிக்கவிட்டாள். "பின்சி, நீ என்ன சோதிச்ச? பொம்பளையளுக்க வோட்டு எல்லாம் தட்டிப்போகுது! நேரக் கணக்குல கோளாறாக்கும். நீதான் பதில் சொல்லணும்."

வந்த நேரம் சனிக்கிழமை மதியம் 12:04.

கிருபாபாய் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. போனை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, பிளாக்செயினில் ஓடும் அந்த நிரலை அப்படியே தன் கணினிக்குப் பிரதி எடுத்தார்.

"முப்பத்தேழாவது சோதனைய நீயே எழுது மக்கா. ஒன்பது பேர் இல்ல. முந்நூத்திருபத்தேழு பேரு."

மாலை நாலு மணிக்கு அந்தச் சோதனை ஓடி முடிந்தபோது பின்சி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அவள் அழுகிறாள் என்று சானு நினைத்தான். திரும்பியபோது அவள் கண்கள் காய்ந்து எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் பத்து மணிக்கு அம்பூரிச் சங்கக் கூடத்தில் இடமில்லை. ரப்பர் பால் மணத்தோடு பெண்கள் வாசல்வரை நின்றார்கள். மேடையில் செயலாளர் பொன்னுதாஸ், பக்கத்தில் விஜயதாஸ், அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி அஸ்வந்த்.

"பிழை யாருக்கும் வரும். பாவம், சின்ன பிள்ளை" என்றார் விஜயதாஸ், கடிதத்தை நீட்டி. "ஒப்பு போடு மோளே, தீரட்டு."

"போடமாட்டேன்." கூடம் முழுக்கக் கேட்டது. "அஞ்சு நிமிஷம் தாருங்க. எனக்க சோதனைய எல்லாரும் பாருங்க."

சுவரில் திரை விரிந்தது. பின்சி பொத்தானை அமுக்கினாள். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு பச்சைக் கோடு. சானு உரக்க எண்ணினான். இருநூற்றுப் பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடுத்தது சிவப்பு. அதற்குப் பின் எல்லாமே சிவப்பு.

"இந்தச் சோதனைக்கு நாங்க வச்ச மணி என்னண்ணு பாருங்க" என்றார் கிருபாபாய், மேடையேறாமல் நின்ற இடத்திலிருந்தே. "காலை எட்டு. பதினொன்றரையும் இல்ல, அஞ்சும் இல்ல. இது கடிகாரத்தப் பாத்து மூடுற பெட்டி இல்ல, தலைய எண்ணி மூடுற பெட்டி. நூற்று இருபத்தொண்ணும் தொண்ணூற்றேழும் கூட்டினா எத்தனை?"

"இருநூத்திப் பதினெட்டு" என்றது யாரோ ஒரு பெண்குரல்.

"முந்நூத்திருபத்தேழுல மூணுல ரெண்டு பங்கு. முடிவு செல்ல எத்தனை பேரு வேணுமோ அத்தனை பேரு. அது வந்ததும் கதவு மூடிட்டு. குவாரி வேணும்னு சொன்னவிய காலையிலேயே ஜீப்புல வந்து போட்டாச்சு. உங்கள மத்தியானம் கழிஞ்சு வரச் சொன்னாச்சு. ஒன்பது பேர வச்சுச் சோதிச்சா இந்தக் கதவு ஒருநாளும் மூடாது. அதுக்காக்கும் பின்சிக்கு முழுப்பேரு கொடுக்காதது."

பொன்னுதாஸ் பதறி எழுந்தார். "மத்தியானம் வரச் சொல்லச் சொன்னது விஜயதாஸாக்கும்! ஒரே நேரத்துல எல்லாரும் வந்தா நெட்டு தாங்காதுண்ணு பறஞ்சாரு. ஞான் நம்பிப்போயி!"

"எழுதினது அஸ்வந்த்" என்றார் விஜயதாஸ் அமைதியாக. "அவனுக்க பிழையா இருக்கலாம். ஞான் எப்படி அறியும்?"

"அதாக்கும் கேள்வி. நீங்க எப்படி அறிஞ்சீங்க?" கிருபாபாய் பின்சியைப் பார்த்துத் தலையசைத்தார். கூடத்தின் ஒலிபெருக்கியில் விஜயதாஸின் குரல் கேட்டது: பொம்பளையளுக்க வோட்டு எல்லாம் தட்டிப்போகுது!

"இது வந்தது பன்னெண்டு மணி நாலு நிமிஷம். ரத்னபாய் அக்கா, நீங்க வோட்டு போட்டது எப்பம்?"

முன்வரிசையிலிருந்து ரத்னபாய் எழுந்தாள். "பன்னெண்டரைக்குக் கொஞ்சம் முன்ன. மொதல்ல இறங்கினது நானாக்கும்."

"பன்னெண்டு இருபத்தஞ்சு. முதல்ல தட்டின வோட்டு அது. இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே, ஒரு வோட்டும் தட்டாதப்பமே, தட்டுதுண்ணு இவரு சொல்லிட்டாரு. பெட்டி மூடினதப் பாத்திருந்தா மூடிட்டுண்ணு சொல்லியிருப்பாரு. யாருக்க வோட்டு தட்டும்னு முன்கூட்டித் தெரிஞ்ச ஆளுதான் இப்படிச் சொல்ல முடியும். பழிய இறக்கிவைக்க அவ்வளவு அவசரம்."

அஸ்வந்த் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "இருநூத்திப் பதினெட்டுண்ணு எழுதச் சொன்னது சாராக்கும். சங்கம் கேட்டதுண்ணு சொன்னாரு. குவாரி அவருக்க மச்சினனுக்குண்ணு நேத்துதான் தெரிஞ்சு. பின்சி, நான் அப்பமே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள் பின்சி. மன்னிப்பு எதுவும் அந்தக் குரலில் இல்லை.

விஜயதாஸ் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்சியின் அருகே வந்தபோது நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நெய்யாற்றின்கரையில இனி ஒனக்கு ஒரு வேலையும் கிடைக்காது."

"கிடைக்கலேண்ணா உண்டாக்கிக்கிடுவேன். நீங்க வழிய விடுங்க சார்."

பொன்னுதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ரத்னபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"இப்பம் எழுதும். நாங்க இஞ்சதான் இருக்கோம்."

முக்கால் மணி நேரத்தில் தீர்மானம் எழுதி முடிந்தது. வாக்கெடுப்பு ரத்து. விஜயதாஸ்மீது போலீசில் புகார். மறு வாக்கெடுப்புக்கு முன்னால் எல்லாச் சோதனைகளும் முந்நூற்று இருபத்தேழு பெயரோடும் கூடத்தில் வைத்து ஓட்டப்பட வேண்டும்; புதிய நிரலின் ஒவ்வொரு வரியும் மலையாளத்திலும் தமிழிலும் விளக்கி ஒட்டப்பட வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொன்னது பின்சி. விளக்கத்தை எழுதும் வேலை சானுவின் தலையில் விழுந்தது. அவன் அதை ஒரு வாரம் பெருமையோடும் மறுவாரம் முனகலோடும் செய்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெட்டி மூடியது. குவாரி வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டு. வேண்டாம் என்று இருநூற்று நாலு. யாரும் கைதட்டவில்லை. ரத்னபாய் திரையை ஒருமுறை, வெளியே குன்றை ஒருமுறை பார்த்தாள்.

"எவன் வந்து கேட்டாலும் இனி இதுதான் பதில்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.