மூன்றாம் பெட்டியில் நீராவி வால்வு

காலை ஏழரை மணி. பட்டறையில் லேபிள் ஒட்டும் நிர்மலா ஸ்டோர் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டு காலி.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஜவ்வரிசி மில்களுக்கு மாவு பிரிக்கும் மெஷின் செய்பவர் நவநீதன். ஒரு தடுப்பூசிக் கம்பெனிக்காக அவருடைய பட்டறை ஆசை ஆசையாகச் செய்த வால்வு செட்டைத்தான் காணவில்லை. அதை மாட்டினால், மெஷினைத் திறக்காமலே உள்ளே நீராவி விட்டுக் கிருமியைக் கொல்லலாம். தடுப்பூசி செய்யலாம், கெட்ட எண்ணம் இருந்தால் நோய்க்கிருமியைப் பிரித்துச் சேர்க்கவும் செய்யலாம். அதனால் டெல்லியில் அரசாங்க அனுமதி வாங்காமல் அது நாட்டைத் தாண்டக் கூடாது.

வாசலில் லாரி நின்றது. வெளிநாட்டு மாவு மில்லுக்கு மெஷின் போகும் மூன்று பெட்டிகள். மாவு பிரிக்க மட்டுமே என்று ஏற்றுமதிப் படிவத்தில் நவநீதன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பெட்டியப் பிரிங்க," என்றாள் ஷைனி. ஏற்றுமதி விதிகளைப் பார்ப்பது அவள் வேலை. அவள் விதி என்று ஆரம்பித்தாலே பட்டறையில் பாதிப்பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அன்று யாரும் நகரவில்லை.

மூன்றாம் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே செட்டு இருந்தது. நவநீதன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது போயிருந்தா நான் ஜெயில்ல இருப்பேன்மா. யாரு வெச்சது?"

பெட்டியைத் தொட்டவர்கள் மூன்றே பேர். ஷைனி ஒவ்வொருவராகக் கேட்டாள்.

நிர்மலா லேபிள் ஒட்ட மரவள்ளி மாவில் வெந்நீர் ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தாள். "சாவி ஆணியிலதான் தொங்கும்க்கா. யாரு வேணா எடுக்கலாம்."

ஃபிட்டர் முனியப்பன்: "பெட்டிக்கு ஆணி அடிச்சது நாந்தாங்க. அடியில குனிஞ்சு பாக்கலீங்க."

ஆர்டர் பிடித்துத் தந்து, பெட்டி கட்டும்போதும் கூடவே நின்ற சென்னை ஏஜெண்ட் அந்தோணி பிரகாஷ் சிரித்தார். "யாரோ தெரியாம வெச்சிருப்பாங்க. வெச்சாத்தான் என்ன மேடம்? அந்த மில்லுல மாவு ஓடும்போதே ஆவி விட்டுக் கழுவுறாங்க. நானே நேர்ல பார்த்தேன்."

"நேர்லயா?"

"சத்தியமா."

ஷைனி நிர்மலாவின் சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்னங்க?"

"பசை."

"அரை மணிக்கு முன்னால வெறும் மாவு. சூடு பட்டுச்சு, பசையாயிடுச்சு. மாவு ஓடுற மெஷின்ல ஆவி விட்டா உள்ள பூரா இப்படித்தான் இறுகிக்கும். மறுநாள் உளி வெச்சுத்தான் செதுக்கணும். இந்த ஊர்ல மில் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. நீங்க பார்த்ததாச் சொல்ற மில்லே கெடையாது. வால்வு எப்படி உள்ள வந்துச்சுன்னுதான் கேட்டேன். அத மாவு மில்லுக்கு வேணும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

பிரகாஷ் வாசலைப் பார்த்தார். அங்கே முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்தார். "அனுமதி கேட்டா கெடைக்காதுன்னு வாங்குறவங்க சொன்னாங்க," என்றார் மெல்ல.

நவநீதன் போலீசுக்குச் சொன்னார். லாரியைத் திருப்பி அனுப்பினார். அவருடைய முதல் வெளிநாட்டு ஆர்டர் அது. போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் டெல்லிக்குப் போன் போட்டபோது அவர் குரல் கணீரென்று இருந்தது. தன் பட்டறையை நினைத்து அவர் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

"லோடு வராதுங்க. நாங்களேதான் நிறுத்திட்டோம்... கண்டுபிடிச்சதுங்களா? போலீஸ் இல்லீங்க, எங்க பட்டறைப் பொண்ணு. எழுதிக்குங்க, ஷைனி. ஊரு பாப்பிரெட்டிப்பட்டி. மெதுவாச் சொல்றேன், முழுசா எழுதிக்குங்க."