வளைவில் கிடந்த மூட்டை

அந்த ஒரு மூட்டையில் மட்டும் நாற்றமே இல்லை.

ஆற்றோர நடைபாதை வளையும் இடத்தில், அடுக்குமாடிகளின் பின்மதிலை ஒட்டி, ஊரே சேர்ந்து கொட்டிய குவியல் அது. பஞ்சு பிதுங்கிய மெத்தை, விரிசல் விட்ட கழிப்பறைப் பீங்கான், இடித்த சுவரின் செங்கல், ஊசிப்போன சாப்பாடு. சரிவில் இறங்கினால் சோப்பு நுரை தள்ளும் கறுப்புத் தண்ணீர். இத்தனையும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும் அந்தச் சாயங்காலத்தில், நடுவே கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டை கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. அதில் ஓர் ஈ உட்காரவில்லை. குவியலைத் தங்கள் பரம்பரைச் சொத்தாக நினைக்கும் நாய்கள்கூட அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயின.

"வாசனை வரலையேன்னு ஒரு கவலையா?" என்றாள் அம்மா, மகளிடம். "பட்டம் வாங்குன மூக்குக்கு எதைக் கண்டாலும் குத்தம்."

பாதையைக் கூட்டுபவள் அம்மா. அதே பாதைக்கு மேற்பார்வையாளர் மகள். அலுவலகத்தில் மேடம், இங்கே வந்தால் வெறும் மகள்.

அம்மா எந்த மூட்டையையும் எடுத்த எடுப்பில் தூக்க மாட்டாள். துடைப்பக் கட்டையால் ரெண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பாள். முன்பொரு நாள், எந்தப் புண்ணியவானோ மூட்டைக்குள் கட்டிப் போட்ட நாய்க்குட்டிகளைத் தெரியாமல் லாரியில் ஏற்றிவிட்டாள். குப்பையை அழுத்தி நசுக்கும் தகடு இறங்கிய பிறகுதான் சத்தம் கேட்டது. அதிலிருந்து இப்படி. லாரிக்காரர்கள் அவளை வைத்துச் சிரிப்பார்கள். மகளும் சிரித்திருக்கிறாள்.

அம்மா தட்டினாள். கேட்டாள்.

உள்ளேயிருந்து ரெண்டு தட்டு திரும்பி வந்தது.

"எலியா இருக்கும்," என்றாள் மகள்.

"எலி இப்படித் தட்டுமா? பாவம், எந்த வாயில்லாத ஜீவனோ." அம்மா குந்தி உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தாள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளை நடைக் காலணி, காதில் பாட்டு. நடையைக் கொஞ்சமும் தளர்த்தாமல், கையில் இருந்த பையைக் குவியல்மேல் வீசினார். அது அம்மாவின் தோளில் பட்டு உருண்டது.

"சார், தொட்டி அங்க இருக்கு," என்றாள் மகள்.

"அதை எடுக்கத்தானேம்மா இவங்களுக்குச் சம்பளம்?"

மகளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அம்மா ஏதோ கூப்பிட்டாள், திரும்பவில்லை. அடுக்குமாடி வாசல்வரை விரட்டிப் போய், காவலாளி பார்க்க, அவர் காலடியில் கொட்டிக் கவிழ்த்தாள். முட்டை ஓடு, சவரப் பிளேடு, காப்பித்தூள். "உங்க வீட்டு அழுக்கு, நீங்களே வச்சுக்கோங்க." திரும்பி வரும்போது நெஞ்சு நிறைந்திருந்தது.

வளைவுக்கு வந்ததும் கால் நின்றது.

நாற்றம் இல்லை. எங்குமே இல்லை. ஆற்றில்கூட.

தள்ளுவண்டி இருந்தது. துடைப்பம் கிடந்தது. குவியலுக்கு முன்னால் அம்மாவின் ரப்பர் செருப்பு ரெண்டும், ஒரு வீட்டுக்குள் போகிறவள் வாசலில் கழற்றி விட்டதுபோல், ஒழுங்காக. மெத்தையும் பீங்கானும் கண்ணில் படவில்லை. இருந்ததெல்லாம் கறுப்பு மூட்டைகள். ஒரே அளவு. ஒரே முடிச்சு.

"அம்மா?"

"இங்கதாம்மா இருக்கேன்."

அலுப்பான குரல். பின்னால் அந்த வறட்டு இருமல். பக்கத்து மூட்டையிலிருந்துதான். பாய்ந்து கிழித்தாள். தலைமுடி, பழைய துணி, ஈரக் காகிதம்.

"இங்கதாம்மா." அடுத்த மூட்டை.

கிழித்தாள். காகிதம்.

"இங்கதாம்மா." அதற்கும் அடுத்தது. பிறகு எல்லாம். ஒவ்வொன்றும் ஒரே அலுப்போடு, ஒரே இருமலோடு.

பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் கீச்சுச் சத்தம்.

"ஏத்தாதீங்க அண்ணே! உள்ள ஆள் இருக்கு! அம்மா இருக்காங்க!"

லாரிக்காரர் சிரித்தார். "உங்கம்மா வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா தங்கச்சி? அந்தம்மா டீ குடிக்கப் போயிருக்கும், தள்ளு."

இரண்டு கையிலும் ரெண்டு மூட்டை. வீசினார். மறுபடி ரெண்டு. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். உதறினார். ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு போனது. அவள் பிடுங்கியது இருமியது. போனதும் இருமியது.

எது?

எது?

அப்போது கடைசியில் கிடந்த ஒன்று சொன்னது. மெல்ல.

"குட்டிம்மா."

அது வீட்டுப் பெயர். அம்மா மட்டும் கூப்பிடுவது. தலைவலி நாட்களில், நெற்றியில் கை வைத்து.

வாரி எடுத்தாள். சூடாக இருந்தது. ஓர் ஆளின் கனம். நெஞ்சோடு அணைத்து, பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கியா, அம்மா, கிடைச்சிட்ட, கிடைச்சிட்ட." மற்றதெல்லாம் போகட்டும்.

"அது ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியாக்கும்," என்றார் லாரிக்காரர். பொத்தானை அழுத்தினார்.

தகடு இறங்கியது.

லாரிக்குள் ஒரு குரல். இத்தனை நேரம் கேட்டவை போல அலுப்பாக இல்லை. பயந்த குரல். பதறினால் அம்மா கூப்பிடும், மகளின் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

லாரி போனது. விளக்குகள் எரிந்தன. பாதை சுத்தமாக இருந்தது, துடைத்துவிட்டாற்போல்.

அவள் விரல்கள் முடிச்சில். அவிழ்க்க வரவில்லை. உள்ளே ஏதோ மூச்சு விட்டது, தொண்டையைச் செருமிக்கொண்டது, பிறகு பேசியது. மகளின் சொந்தக் குரலிலேயே.

"அம்மா?"

மூட்டை அவள் மார்பில் இன்னும் நெருங்கிச் சாய்ந்துகொண்டது.