பின்னால் மட்டும் ஓடும் எஞ்சின்

கீழக்குயில்குடி ரோட்டில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஜெர்சன் சாருக்கு அரைமணி நேரம் ஆனது. ஞானத்தம்மாள் அட்டைப் பெட்டியோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. விலை கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டி, பெட்டியைக் கையில் திணித்தார்.

பெட்டிக்குள் அவர் கணவர் ராயப்பன் உதிரிப்பாகக் கிட் வாங்கிக் கையால் கட்டிய பித்தளைப் பொம்மை ரயில் எஞ்சின். ராயப்பன் அந்தக் காலத்தில் மதுரையில் நீராவி ரயில் ஓட்டியவர். போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார்.

"அது பின்னாலதான் ஓடும் சார். அப்படியே ஓட்டுங்க. எதையும் மாத்திராதீங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார் சார். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவரிடம் கரண்ட் பாடமா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பழைய எஞ்சின் வாங்கினால் அதன் ஜாதகத்தைத் தோண்டாமல் விடமாட்டார் மனுஷன். சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு மாடி அறைக்குப் போய்விட்டார். சக்கரம் வெளிநாட்டு கிட்டில் வந்தது. மேலுடம்பைத் தகடு வெட்டி நம்மூர் மீட்டர்கேஜ் எஞ்சினாக மாற்றியிருந்தார் ராயப்பன். பற்றவைத்த இடம் ஒன்றுகூடப் பிசிறவில்லை. மூன்று திருகுகளைக் கழற்றி உடம்பைத் தூக்கினால், உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து:

மலையம்மாள், 4.10

கட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு ஆசையாய்ப் பெயர் வைப்பதுண்டு. 4.10 என்பது பாகத்தின் எண்ணாக இருக்கும். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மோட்டாரில் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. இம்புட்டு நேர்த்தியாகக் கட்டியவர் இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டாரே என்று நினைத்தார். வயர்களை மாற்றிப் பற்றவைத்து உடம்பை மாட்டினார்.

எஞ்சின் முன்னால் ஓடியது.

அழகாக ஓடியது. மேஜை மேல் அவர் போட்டிருந்த தண்டவாளத்தில், வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ரயில்வே கேட்டையும் செய்து வைத்திருந்தார். கேட்டின் ஓரம் குடையோடு, பச்சைச் சேலையில், விரல் நகம் உயரத்தில் அவர் மனைவி ஹெப்சிபா நின்றாள். வீட்டு ஆட்களைப் பொம்மையாக்கி நிறுத்துவது இந்த ரயில் கிறுக்கர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

முதல் சுற்றில் பொம்மை தண்டவாளத்தில் கிடந்தது. எடுத்து நிறுத்தினார். அடுத்த சுற்றிலும் விழுந்தது. பசை போட்டு ஒட்டினார்.

மூன்றாவது சுற்றில் பொம்மை தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அறையில் கரிப்புகை வாடை. இந்த எஞ்சினுக்கு ஏது கரி? சுவிட்சை அணைத்தார். எஞ்சின் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். அது பாட்டுக்குச் சுற்றியது.

ஞானத்தம்மாளுக்குப் போன் போட்டார்.

"வயரை மாத்திட்டீங்களா?" என்றார் அவர், ஹலோகூடச் சொல்லாமல்.

"மலையம்மாள் யாரும்மா?"

"சாத்துன கேட்டுல குனிஞ்சு வந்தவ. இவர் ஓட்டுன வண்டிதான் அடிச்சது. நாலு பத்துக்கு." "அவளை விட்டு விலகிப் போகணும்னுதான் இதைப் பின்னாலயே ஓட்டினாரு சார். சாகுற வரைக்கும், ஒருநாள் விடாம."

மணி நான்கு ஏழு.

சர்ச் பாட்டுப் பயிற்சி முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, ஹெப்சிபா அந்தக் கேட் வழியாகத்தான் நடந்து வருவாள். பச்சைச் சேலையில்தான் போயிருந்தாள். அவளைக் கூப்பிட்டார். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"கேட்டு சாத்திட்டாங்க. மழை வேற. குனிஞ்சு வந்துர்றேங்க."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தார். அதற்கு முன்பே போனுக்குள் ரயிலின் ஊதல் கேட்டது, டீசல் வண்டியின் ஹாரன் இல்லை, நீராவி எஞ்சினின் நீண்ட ஊதல். லைன் அறுந்தது.

எஞ்சினைக் கையில் பிடித்தார். உள்ளங்கை சுட்டது. விடவில்லை. பற்றவைக்கும் கோல் சூடேற மூன்று நிமிடமாகும். எங்கே இருக்கிறது மூன்று நிமிடம்? திருகுகளைக் கழற்றி, உடம்பைத் தூக்கி எறிந்து, வயர்களைப் பிய்த்து, இடம் மாற்றி விரலாலேயே முறுக்கினார். கர்த்தரே, கர்த்தரே என்று அழுதார்.

சக்கரங்கள் நின்றன. பிறகு பின்னால் சுழன்றன.

நான்கு இருபதுக்குப் படியேறி வந்தாள் ஹெப்சிபா, நனைந்து, வெளிறிப்போய்.

"குனிஞ்சுட்டேங்க. யாரோ குடையைப் பிடிச்சுப் பின்னால இழுத்தாங்க. திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்லை."

குடையின் துணியில் ஐந்து விரல்களின் கரி படிந்திருந்தது. ஜெர்சன் சார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினார்.

அவள் டீ போடக் கீழே போனதும், தரையில் கிடந்த பித்தளை உடம்பை எடுத்து உள்ளே பார்த்தார். மலையம்மாளின் பெயருக்குக் கீழே, அதே ஊசிக் கீறலில், புதிதாய் ஒரு வரி பளபளத்தது.

ஹெப்சிபா,

அந்தக் கமாவுக்குப் பிறகு இடம் காலியாக இருந்தது.

"திங்கக்கிழமையும் பயிற்சி இருக்குங்க," என்று கீழிருந்து சொன்னாள்.

மேஜையில், முறுக்கிய வயர் தானாகவே பிரிந்தது. சக்கரம் மெதுவாக, ஒரே ஒரு சுற்று, முன்னால் உருண்டது.