ஆறாவது பேய்

வாசல் விளக்கை அணைக்க வெர்னா கை நீட்டிய நேரத்தில் மார்லிஸ் படியேறி ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"வெர்னாக்கா, நெட்டியைக் காணோம்!"

நெட்டி அவளுடைய ஒரே மகள். ஆறு வயது.

அன்று அக்டோபர் முப்பது. ஊரெல்லாம் முப்பத்தொன்றாம் தேதி பேய் வேஷம் கட்டினால், எங்கள் ஊரான டெமாயினில் நாங்கள் ஒரு நாள் முந்திக்கொள்வோம். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். மற்ற ஊர்களில் வாசலில் நின்று 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று கேட்டாலே மிட்டாய் கிடைக்கும். இங்கே பிள்ளைகள் வீடு வீடாக வந்து ஆளுக்கொரு கடி ஜோக் சொல்வார்கள், சொன்னால்தான் மிட்டாய். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஜோக்கின் வேலையே அதுதானே.

அந்த வருடம் டயர் தொழிற்சாலையில் நாலு மாத வேலைநிறுத்தம். கடையில் விற்கிற முகமூடியை வாங்க யாரிடமும் காசில்லை. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பெண்கள் கூடி எல்லாவற்றையும் கையாலேயே செய்தார்கள். முட்டை அட்டையை வெட்டி வௌவால், காலி டப்பாவில் ஆணியால் துளையிட்டு விளக்கு, மூடிவிட்ட ஓட்டல் ஒன்று கொடுத்த பழைய படுக்கை விரிப்புகளில் ஆறு பேய்கள். கோட்டு இல்லாமல் எந்தத் தாயும் அந்தக் குளிரில் பிள்ளையை வெளியே விடமாட்டாள் என்பதால், தடித்த கோட்டுக்கு மேலே போடும்படி பேய் அங்கிகளைத் தாராளமாகத் தைத்தார்கள். தைத்தவர்களில் வெர்னாவும் ஒருத்தி.

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நகரத்துப் பெரிய ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கண்காணிப்பு வேலை. ஒல்லியாக உள்ளே வந்து குண்டாக வெளியே போகிறவர்களைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதுவரை ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை என்பார்கள். அவளுடைய தம்பி ஆர்வில் அதற்கு நேர் எதிர். தபால்காரன், துப்பறியும் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவன், எந்த விஷயத்துக்கும் முதலில் கத்திவிட்டுத்தான் யோசிப்பான்.

"கடத்தல்!" என்று கத்தினான் அவன், சமையலறையிலிருந்து ஓடி வந்து.

"வாயை மூடு. மார்லிஸ், நீ சொல்லு."

நெட்டியையும் சேர்த்து ஆறு பேய்களைப் பதினைந்து வயது ரோண்டா கூட்டிப் போயிருந்தாள். ஒவ்வொரு தெருமுனையிலும் தலையை எண்ணியிருக்கிறாள். எல்லா முனையிலும் ஆறு. எட்டு மணிக்குக் கடைசி வீட்டைத் தாண்டி எண்ணினால் ஐந்து. பக்கத்து வேலிச்செடியில் இந்த அங்கி கிடந்தது. நெட்டி இல்லை.

"போலீஸ் சார்ஜன்ட் ஹேவர்கேம்ப் ஆத்தங்கரையில ஆளுங்களை விட்டுத் தேடறார்கா. ஆத்துலன்னா என்ன அர்த்தம்? சொல்லுங்கக்கா!" மார்லிஸுக்குப் பல் கிட்டித்தது. "முதல்ல அவ அப்பன் லீலண்ட்தான்னு நெனச்சேன். பொண்ணை என்கிட்ட விடச்சொல்லிக் கோர்ட்டு சொன்னதுல இருந்து கறுவிட்டிருக்கான். பக்கத்து மாநிலம் மிசௌரி எல்லையைத் தாண்டிட்டா நம்ம கோர்ட்டு உத்தரவு செல்லாது, வருஷக்கணக்கா அலையணும்னு வக்கீலே சொன்னாரு. ஆனா அவன் ஏழு மணியில இருந்து சர்ச்சுல எல்லாருக்கும் சூடா ஆப்பிள் சாறு ஊத்திட்டு நின்னிருக்கான். பாதிரியாரே பாத்திருக்காரு. இப்ப என்னோட சேர்ந்து அழறான்கா. அவன் இல்லேன்னா யாரு?"

"தனியாவா வந்திருக்கான்?"

"ஆமா. புதுப் பொண்டாட்டி க்வென் மிசௌரியில, கன்சாஸ் சிட்டியிலயே இருக்காளாம். அவளுக்கும் முதல் தாரத்துல ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு. இவன் போன ஞாயித்துக்கிழமை வந்து நெட்டியைப் பாத்துட்டுப் போனான். அவளும் பேய் வேஷத்தைப் போட்டு ஆடிக் காட்டினா, பாவி மக."

வெர்னா அந்த அங்கியை வாங்கி விளக்கடியில் விரித்தாள். ஓரத்தைத் தடவினாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ரோண்டா அழுதுகொண்டு நின்றாள். அவளுடைய தங்கை பெத், இன்னும் பேய் அங்கியோடு, அக்காவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நெட்டி கோட்டு போட்டிருந்தாளா?"

"செவப்புக் கோட்டு. வேஷம் கெட்டுப்போகும்னு சிணுங்கினா. போட்டாத்தான் போகலாம்னேன்."

"பெத், இங்க வா கண்ணு. உன் அங்கியைக் கழட்டு. கோட்டு இருக்கட்டும்."

நெட்டியும் பெத்தும் ஒரே உயரம். வேலியில் கிடைத்த அங்கியை வெர்னா பெத்தின் தலைவழியாகப் போட்டாள். கழுத்து வரை வந்தது. தோளில் சிக்கி நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் கோட்டைத் தாண்டி இறங்கவில்லை.

"இது நாம தைச்சதில்ல. யாரோ கண்ணளவா பாத்து வீட்டுல தைச்சிருக்காங்க. கோட்டை நெனச்சே பாக்கல."

"அப்போ நெட்டியோட அங்கி எங்கே?" என்றான் ஆர்வில்.

"நெட்டி மேலேயே இருக்கும். டேய், உனக்கு இந்தத் தெருவுல எல்லா வீடும் தெரியும். கடைசி வீட்டுல ஆரம்பிச்சுப் பின்னோக்கி வா. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே கேள்வி. ஆறு பேயும் ஜோக் சொல்லிச்சா, எலும்புக்கூடு ஜோக்கைச் சொன்னது யாரு. ஓடு."

எலும்புக்கூடு ஜோக் நெட்டியுடையது. இரண்டு வாரமாகத் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிப் பழகியிருந்தாள். வெர்னாவே அதை ஐந்து தடவை கேட்டாயிற்று. ஐந்து தடவையும் சிரித்தாயிற்று.

ஆர்வில் ஓடினான். மார்லிஸ் படியில் உட்கார்ந்து, ஆற்றுப் பக்கம் அசையும் டார்ச் வெளிச்சங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா உள்ளேயிருந்து ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து அவள் காலில் மாட்டிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் தம்பி மூச்சிரைக்கத் திரும்பினான்.

"கடைசி வீட்டுல அஞ்சே ஜோக். அதுக்கு முந்தின வீட்டுலயும் அஞ்சு. அப்படியே பதினோராம் நம்பர் பல் டாக்டர் வரைக்கும் அஞ்சுதான்கா! ஒரு பேய் மட்டும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்'னு சொல்லிட்டுப் பையை நீட்டிச்சாம். 'ஜோக் எங்கடி'ன்னு கேட்டாராம். திருதிருன்னு முழிச்சுதாம். வெக்கம் போலன்னு குடுத்து அனுப்பிட்டாரு."

"ஒன்பதாம் நம்பர்?"

"பியானோ டீச்சர் வீடு. அங்க நெட்டி ஜோக்கைச் சொல்லியிருக்கா! அப்ப மணி ஆறே முக்கால்."

"நடுவுல பத்தாம் நம்பர்?"

"ஊர்ல இல்ல. வாசல் விளக்கு எரியல, பக்கத்துல இருட்டுச் சந்து."

ரோண்டா விசும்பினாள். "நான் எண்ணினேன் ஆன்ட்டி! ஒவ்வொரு முனையிலும் ஆறு தலை இருந்துச்சு!"

"நீ எண்ணினது சரிதான்மா. அங்கி ஆறு. உள்ள இருந்த ஆள்தான் வேற." வெர்னா எழுந்தாள். "மார்லிஸ், உன் பொண்ணு எட்டு மணிக்குக் காணாமப் போகல. ஆறே முக்காலுக்கே போயிட்டா. ஆத்துப் பக்கம் பாக்காதே, என்கூட வா."

தேவாலயத்தின் கீழ்க்கூடம் சந்தைக்கடை மாதிரி இரைந்தது. ரோண்டாவின் அலறலைக் கேட்டதும், தெருவில் தனியாகத் திரிந்த பிள்ளைகளை எல்லாம் பெண்கள் அள்ளிக்கொண்டு வந்து அங்கே அடைத்திருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். கோட்டுகள் பெஞ்சின் மேல் மலையாகக் குவிந்து கிடந்தன. கதவருகே லீலண்ட் நின்றான். கண் சிவந்திருந்தது. அவனுக்குப் பின்னால் நாலைந்து பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

"தூரத்துப் பிள்ளைங்களை நான் கார்ல கொண்டு போய் விட்டுடறேன் சார்ஜன்ட். சும்மா நின்னா பைத்தியம் பிடிக்குது" என்றான் அவன்.

"நல்லது தம்பி, போயிட்டு வா" என்றார் ஹேவர்கேம்ப்.

"ஒரு நிமிஷம் சார்ஜன்ட்," வெர்னா கதவை மறித்து நின்றாள். "வெளிய குளிர் கொல்லுது. பிள்ளைங்களா, எல்லாரும் அவங்கவங்க கோட்டை எடுத்துப் போட்டுக்கங்க."

கூட்டம் பெஞ்சின் மேல் பாய்ந்தது. தள்ளுமுள்ளு, கூச்சல், 'அது என்னுது' என்று ஒரு அழுகை. இரண்டு நிமிடத்தில் பெஞ்சு காலியானது. லீலண்டின் வரிசையில், கடைசியில் நின்ற சிறுமி மட்டும் அசையவில்லை. பச்சை ஸ்வெட்டர் மட்டுமே போட்டிருந்தாள். கையில் மிட்டாய்ப் பை.

"இவளுக்கு என் கோட்டைக் குடுத்துடறேன்," லீலண்ட் அவசரமாகச் சொன்னான். "வாங்க, போகலாம்."

வெர்னா அந்தச் சிறுமியின் முன்னால் மண்டியிட்டு, தன் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "இது வேணுமா கண்ணு? வேணும்னா என்ன சொல்லணும்?"

"ட்ரிக் ஆர் ட்ரீட்" என்றது குழந்தை, மெல்லிய குரலில்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஜோக்கு! ஜோக்கு சொல்லணும்!" என்று நாற்பது வாய்களும் கத்தின. சிறுமி ஒன்றும் புரியாமல் விழித்தாள். உதடு பிதுங்கியது.

வெர்னா சாக்லேட்டை அவள் கையில் வைத்து மூடிவிட்டு எழுந்தாள்.

"இந்த ஊர்ப் பிள்ளையா இருந்தா இந்தக் கேள்விக்கு முழிக்காது. இந்த ஊர்த் தாயா இருந்தா கோட்டில்லாம அனுப்பமாட்டா. இவ கன்சாஸ் சிட்டிப் பொண்ணு சார்ஜன்ட். ஆறே முக்காலுக்குப் பத்தாம் நம்பர் சந்துல அப்பன் கூப்பிட்டதும் நெட்டி போயிட்டா. அதே மாதிரி அங்கியில இவ வரிசையில சேர்ந்துட்டா. எட்டு மணி வரைக்கும் ரோண்டாவோட எண்ணிக்கை குறையக்கூடாது, அதுக்குள்ள அவனை இங்க ஊரே பாத்திருக்கணும். அவ்வளவுதான் ஏற்பாடு. கடைசி முனையில இவ அங்கியைக் கழட்டிப் போட்டுட்டுக் காருக்கு ஓடணும். ஆனா ரோண்டா கத்தின கத்துல ஊரே தெருவுக்கு வந்து இவளையும் சேத்து இங்க அள்ளிட்டு வந்துடுச்சு."

"பைத்தியமா உங்களுக்கு?" லீலண்டின் குரல் உடைந்தது. "இவளை நான் பாத்ததே இல்ல! ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க, என் மேல ஏன்..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதடா!" என்று பாய்ந்தான் ஆர்வில்.

வெர்னா தம்பியின் தோளில் கை வைத்தாள். "அவன் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திருக்கான். எங்க நிக்கணும், எப்ப கழட்டணும், எல்லாம். ஜோக்கை மட்டும் சொல்லித் தரல. ஏன்னு தெரியுமா லீலண்ட்? நீ இதே தெருவுல பிறந்தவன். உனக்கு அதை யாரும் சொல்லித் தரல. அதனால சொல்லித் தரணும்னு உனக்குத் தோணவே இல்ல. வெளியூர்க்காரன் யாராவது திட்டம் போட்டிருந்தா, இங்க என்ன சொல்லணும்னு முதல்ல விசாரிச்சிருப்பான்."

லீலண்ட் கதவுப் பிடியை விடவில்லை.

"க்வென் இன்னும் எல்லையைத் தாண்டல," வெர்னா அதே குரலில் தொடர்ந்தாள். "பெத்தவ பொண்ணை விட்டுட்டுப் போகமாட்டா. இங்கதான் பக்கத்துல எங்கயோ நடுங்கிட்டுக் காத்திருக்கா. அவளும் இப்ப மார்லிஸ் மாதிரிதான்."

"எனக்கு அம்மாகிட்ட போகணும்," என்று அந்தச் சிறுமி வெடித்து அழுதாள். லீலண்டின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், இதுவரை பார்த்தே இராதவனின் காலை.

அவன் கை கதவிலிருந்து நழுவியது. "அழாதே ட்ரூடி," என்றான். பிறகு மார்லிஸைப் பார்க்காமல், "மரக்கடைக்குப் பின்னாடி. நெட்டி எனக்கும் பொண்ணுதானே மார்லிஸ்" என்றான்.

"அப்போ கேட்டு வாங்கியிருக்கணும்டா!" என்று கத்திவிட்டு மார்லிஸ் வெளியே ஓடினாள்.

மரக்கடைக்குப் பின்னால் ஒரு பழைய கார் நின்றது. பேய் அங்கியும் சிவப்புக் கோட்டுமாகப் பின்சீட்டில் நெட்டி முழங்காலிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். போலீஸ் விளக்கைக் கண்டதும் க்வென் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆர்வில் தூக்கி வந்திருந்த ட்ரூடி நழுவி இறங்கி முன்சீட்டில் ஏறி அம்மாவின் மடியில் புகுந்தாள். மார்லிஸ் பின்கதவைத் திறந்து மகளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, மூச்சு முட்டுது. நீ சரின்னு சொன்னேன்னு அப்பா சொன்னாரு. ஆனா ஒன்பதாம் நம்பருக்கு அப்புறம் நான் யார்கிட்டயும் ஜோக்கே சொல்லல."

"என்கிட்ட சொல்லுடி."

"எலும்புக்கூடு ஏன் சாப்பிடறதே இல்ல?"

இரண்டு வாரமாகத் தினம் பத்துத் தடவை கேட்ட கேள்வி. மார்லிஸ் மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆர்விலுக்கும் பதில் தெரியும், ஆனால் அன்றைக்கு அவனும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

முன்சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஏன்?" என்றாள் ட்ரூடி. அந்தத் தெருவில் அந்த ஜோக்கைக் கேட்டிராத ஒரே ஆள் அவள்தான்.

"சாப்பிட்டா எல்லாம் கீழ விழுந்துடும்!"

ட்ரூடி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, கண்ணீர் காயாத முகத்தோடு, வாய்விட்டுச் சிரித்தாள். தன் பையில் கை விட்டு, பல் டாக்டர் கொடுத்த மிட்டாயைத் தேடி எடுத்து நெட்டியிடம் நீட்டினாள்.