வெயிலில் நின்ற கழுதை

காலை பத்தரை மணி. பழம்பெரும் பாறை நகரமான பெட்ராவின் பாழடைந்த கடைவீதிக்கு மேலே, மலையைக் குடைந்த கல்லறை அறைக்குள்ளிருந்து அகழாய்வை நடத்தும் டாக்டர் ஜுமானா அலறினார். முந்தின நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த, உள்ளங்கையளவு பெண்தெய்வத்தின் கல்முகம் பெட்டியில் இல்லை.

சார்ஜென்ட் நாயிஃப் வந்து சேர்வதற்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. காவலாளி சுவைலிம்தான் திருடன். மதியம் தலைநகர் அம்மானிலிருந்து போலீஸ் வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் அவனுக்குப் பிறந்த சூடு ஆறாத மகள்.

நாயிஃபுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டதாண்ணே," என்றான் சுவைலிம்.

"பூட்டினியா?"

"இல்லண்ணே. காலையில மேல படிக்கட்டுல ஒரு வெள்ளக்காரம்மா கால் பிசகிக் கத்துச்சு. போட்டது போட்டபடி ஓடினேன்."

"நல்லா கதை விடுறான்," என்றார் ஜுமானா.

"சத்தியமா டாக்டரம்மா! என் கழுதைய வேணா பாருங்க. கீழ காஞ்சு கிடக்கற ஓடையில, நெழல்ல கட்டிட்டுப் போனேன். இப்ப மேட்டுல வெயில்ல நிக்குது. யாரோ வந்திருக்காங்க."

தண்ணீரும் ரொட்டியும் கொண்டுவரும் முத்லக், தன் வண்டியில் சாய்ந்தபடி சிரித்தான். "திருட வந்தவன் கழுதைக்கு வெயில் காட்டிட்டுப் போனானாக்கும்! சாட்சி சொல்ல அதையே கூப்பிடேன்டா."

"நீ எப்ப வந்தே?" என்றார் நாயிஃப்.

"இப்பதான் அபூ பந்தர்," என்று ஊர் வழக்கப்படி நாயிஃபை அவர் மகன் பெயரைச் சேர்த்து அழைத்தான் முத்லக். "தெக்கு ரோடு. வெயில்ல வெந்துட்டேன்."

நாயிஃப் வண்டியைச் சுற்றி வந்தார். வண்டி முழுக்கப் புழுதி அப்பியிருந்தது. முன்கண்ணாடியில் மட்டும் வைப்பர் துடைத்த இரண்டு பிறைகள் பளிச்சென்று இருந்தன.

காற்று நின்றது. கழுதை கத்தத் தொடங்கியது. நாயிஃபின் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது: மேல்மலையில் பேய்மழை, ஓடையை விட்டு எல்லோரும் ஏறுங்கள்.

தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் சற்று நேரத்தில் செந்நிற வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. கழுதையை முதலில் கட்டியிருந்த முளை, போன இடம் தெரியவில்லை.

நாயிஃப் நடப்பதை நிறுத்தினார்.

"கழுதைய யாரும் வெயிலுக்கு மாத்தல. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுல ஏத்திருக்காங்க. ஆனா அப்ப வெள்ளம் வரும்னு இங்க யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா நேத்துலேர்ந்து இங்கதான். இங்க போனும் எடுக்காது. சுவைலிம் தெரிஞ்சிருந்தா ஓடையில கட்டியே இருக்கமாட்டான். மேல்மலை மழைய நேர்ல பாத்துட்டு வந்தவன் ஒருத்தன்தான். முத்லக், தெக்கு ரோட்டுல வெயில்ல வெந்தவன் எதுக்குடா வைப்பர் போட்டே?"

"புழுதிண்ணே... தண்ணி அடிச்சுத் துடைச்சேன்."

"உன் வண்டியில அந்தத் தண்ணி டப்பா உடைஞ்சு கிடக்கறது ஊருக்கே தெரியும்."

முத்லக் ரொட்டி மூட்டைக்குள் கையை விட்டு, கல்முகத்தை எடுத்து நீட்டினான். சின்ன முகம். நேர்க்கோடாய் மூக்கு, இமைக்காத கண்கள். ஜுமானா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சுவைலிமை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

விலங்கு மாட்டும்போது முத்லக் கேட்டான். "கழுதைய அங்கயே விட்டிருந்தா மாட்டியிருக்கமாட்டேன், இல்ல?"

"மாட்டியிருக்கமாட்டே."

"முளையில கட்டிக் கிடந்துச்சு அபூ பந்தர். அத அப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

சுவைலிம் அவன் எதிரே வந்து நின்றான். அடிக்கத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கழுதை சாகக் கூடாதுன்னு தோணுச்சே. அம்மான் வண்டியில ஏறப் போனது நான்டா. அப்ப எதுக்குடா சிரிச்சே?"